காயத்தைச் சிறியதாகச் சொல்லி வருபவர்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையை ஒட்டிய ஒரு சிறிய மருத்துவமனையில் பல ஆண்டுகளாக நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். நாயிடமும் பூனையிடமும் குரங்கிடமும், சில சமயம் மனிதரிடமும் கடிபட்டு வருபவர்களிடம் ஒரு பொதுப் பழக்கம் உண்டு. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, “சும்மா பல்லு பட்டிருச்சுங்க சார், ஒரு டி.டி. போட்டு விட்டீங்கன்னா போதும்” என்று டெட்டனஸ் தடுப்பூசியைக் கேட்டு, காயத்தையும் சொல்லிச் சிகிச்சையையும் முடிவு செய்துவிடுவார்கள். கெண்டைக்காலில் சதை தொங்க வருபவரைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அவரை எல்லோரும் முறையாகக் கவனிப்பார்கள். நான் பயப்படுவது கடுகளவு துளையோடு வருபவரைப் பற்றித்தான். கடிகாயத்தில் வெளியே தெரியும் அளவுக்கும் உள்ளே இருக்கும் அபாயத்துக்கும் பெரும்பாலும் தொடர்பே இல்லை.

முதல் வேலை கழுவுவது. ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும் என்று சொன்னால், பலரும் இரண்டு நிமிடத்தில் கையை இழுத்துக்கொள்கிறார்கள். வெறிநாய்க்கடி நோயை உண்டாக்கும் ரேபீஸ் வைரஸின் வெளியுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைச் சிதைத்துவிடும். காயத்துக்குள் இருக்கும் எச்சிலையும் மண்ணையும் தண்ணீர் வெளியேற்றும். இவ்வளவு மலிவான, இவ்வளவு பயனுள்ள சிகிச்சை வேறு இல்லை என்பதால்தான், வீட்டில் கழுவிவிட்டேன் என்று சொல்பவரையும் மறுபடி குழாயடிக்கு அனுப்புகிறேன். கழுவிய பின் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி போதும். ஆனால் எங்கள் பக்கத்தில் காயம் வந்து சேரும்போது அதன்மேல் சுண்ணாம்போ மிளகாய்த் தூளோ காப்பித் தூளோ அப்பியிருக்கும். மலைக் கிராமங்களிலிருந்து வருபவர்கள் சில சமயம் பச்சிலை வைத்துக் கட்டியிருப்பார்கள். அதையெல்லாம் கரைத்து எடுப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். காரப் பொருள்கள் சதையைப் புண்ணாக்கி வைரஸ் நரம்பை எட்ட வழிசெய்துவிடவும் கூடும். மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வருபவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. கயிறு இருக்கட்டும், ஊசியும் இருக்கட்டும் என்றால் ஒத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது தரம் பிரிப்பது. தோல் முழுமையாக இருக்கும் இடத்தில் விலங்கு நக்கினால் அது முதல் வகை. அதற்கு ஊசி தேவையில்லை. இரத்தம் வராத சிறு கீறலும், மூடாத தோலில் பல் மெல்லப் பட்டதும் இரண்டாம் வகை. அதற்குத் தடுப்பூசி வேண்டும். தோலைத் துளைத்த கடி, இரத்தம் வந்த கீறல், ஏற்கெனவே புண்ணான இடத்திலோ வாய், கண் போன்ற ஈரச் சவ்விலோ எச்சில் பட்டது ஆகியவை மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் கட்டாயம். சர்க்கரை நோயாளியின் பாதக் கடி, குழந்தையின் முகக் கடி என்று வகைக்குள்ளும் ஆள் பார்த்து அவசரம் மாறும்.

இந்த இம்யூனோகுளோபுலினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். தடுப்பூசி போட்டவுடன் உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடுவதில்லை. அதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகிறது. அந்த இடைவெளியில் வைரஸை வாயிலிலேயே தடுத்து நிறுத்துவதற்காக, ஏற்கெனவே தயாரான எதிர்ப்பொருளைக் காயத்துக்குள்ளேயும் அதைச் சுற்றியும் செலுத்துகிறோம். மனித இரத்தத்திலிருந்து எடுத்ததானால் கிலோ எடைக்கு 20 அலகு, குதிரை இரத்தத்திலிருந்து எடுத்ததானால் 40 அலகு என்பது கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு மனித இரத்தத்திலிருந்து எடுத்ததில் 1,200 அலகு ஆகும். ஆள் எடையைக் கேட்காமல் ஒரு குப்பியை உடைத்து இடுப்பில் போட்டு அனுப்பிய சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். வைரஸ் இருப்பது காயத்தில். மருந்து இடுப்பில் இருந்து என்ன பயன்? பல இடங்களில் கடி இருந்து மருந்தின் அளவு போதாவிட்டால், உப்புக் கரைசலில் கலந்து எல்லாக் காயங்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். விரல் நுனியில் செலுத்தும்போது மட்டும் இரத்த ஓட்டம் அழுந்தாதபடி மெதுவாகச் செய்ய வேண்டும். வலிக்கத்தான் செய்யும். முதல் நாளே கிடைக்காவிட்டாலும், முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிடலாம். அதற்குப் பின் உடம்பே எதிர்ப்பொருளை உண்டாக்கத் தொடங்கிவிடுவதால் தேவைப்படுவதில்லை.

“தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசியாமே சார்?” என்று இன்றும் கேட்கிறார்கள். அந்தப் பயம் ஆதாரமில்லாததல்ல. ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரித்த பழைய தடுப்பூசி அப்படித்தான் வயிற்றில் போடப்பட்டது. அதனால் சிலருக்கு நரம்புக் கோளாறுகளும் வந்தன. இந்தியாவில் அதன் தயாரிப்பு 2004-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் 0.1 மில்லி வீதம் இரண்டு மேற்கைகளிலும், முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆவது நாள் என்று நான்கு முறை போடுகிறார்கள். தசையில் போடும் முறையில் ஐந்து தவணை. அதைப் புட்டத்தில் போடக் கூடாது, கொழுப்புக்குள் தங்கி மருந்து சரியாகச் சேராது. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் தாராளமாகப் போடலாம். மாமியார் வேண்டாம் என்றார் என்று திரும்பிப் போக முயன்ற பெண்களை உட்கார வைத்து இதைச் சொல்லியிருக்கிறேன்.

தையல் விஷயத்தில் எனக்கும் நோயாளிகளின் உறவினர்களுக்கும் அடிக்கடி மனத்தாங்கல் வரும். பிளந்த காயத்தைத் திறந்தபடி விட்டால் டாக்டர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறார்கள். கடிகாயத்தை இறுக்கித் தைத்தால் கிருமி உள்ளே அடைபட்டுச் சீழ் பிடிக்கும். ஊசி குத்தும் ஒவ்வோர் இடத்திலும் எச்சிலை நாமே ஆழத்துக்குக் கொண்டுபோகிறோம். தைத்தே தீர வேண்டுமென்றால் இம்யூனோகுளோபுலின் செலுத்திச் சில மணி நேரம் விட்டு, விளிம்புகளைத் தளர்வாகச் சேர்த்து வைக்கலாம். முகம் மட்டும் விதிவிலக்கு. அங்கே இரத்த ஓட்டம் மிகுதி, தழும்பின் விலையும் அதிகம்.

மலையில் நாயைவிடக் குரங்கு பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, வாழைப்பழத்தை நீட்டிப் படம் எடுக்கும் சுற்றுலாக்காரர்களைக் குரங்கு கடிக்காமல் விட்டால்தான் ஆச்சரியம். குரங்குக் கடிக்கும் ரேபீஸ் சிகிச்சை முழுமையாக வேண்டும். நாயையும் பூனையையும் பத்து நாள் கண்காணிப்பது போல் மலைக் குரங்கைக் கண்காணிக்க முடியாது; அதற்காகக் காத்திருக்கவும் கூடாது. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்பவர்களிடம் முதல் தவணையை இங்கேயே போட்டுக்கொண்டு சீட்டை வாங்கிப் போகச் சொல்கிறேன். வீட்டு எலி கடித்தால் பொதுவாக ரேபீஸ் ஊசி தேவைப்படுவதில்லை.

பூனைக் கடி மோசமானது. நாயின் பல் கிழிக்கும். பூனையின் பல் ஊசிபோல் ஆழமாக இறங்கி, வெளியே வந்தவுடன் தோல் மூடிக்கொள்ளும். தண்ணீரும் உள்ளே போகாது. காலையில் ஒரு புள்ளியாக இருந்தது, மறுநாள் விடிவதற்குள் மணிக்கட்டு வரை சிவந்து, விரலை அசைக்க முடியாமல் போகும். பாஸ்டுரெல்லா என்ற கிருமியின் வேகம் அது. இதற்கு அமாக்ஸிசிலின்-கிளாவுலானிக் அமிலம் கேட்கும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் செபலெக்சினும் எரித்ரோமைசினும் இந்தக் கிருமியிடம் சரிவர எடுபடாது. பாதிப் பட்டையைத் தின்று முடித்துவிட்டு வீங்கிய கையோடு வருபவர்கள் அதனால்தான் வருகிறார்கள். எல்லா நாய்க்கடிக்கும் ஆண்டிபயாடிக் தேவையில்லை. ஆழமான துளை, கைக் காயம், மூட்டுக்கு அருகில் உள்ளது, சர்க்கரை நோயாளி, மண்ணீரல் எடுக்கப்பட்டவர் என்றால் தயங்காமல் கொடுக்கிறேன்.

மனிதக் கடியை யாரும் மனிதக் கடி என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. வாலிப வயது, வலது கை, நடுவிரலின் முட்டியில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத வெட்டு, “கதவுல இடிச்சுக்கிட்டேனுங்க.” இந்தக் கதையை நான் நம்புவதில்லை, கதவுக்குப் பல் கிடையாது. அடுத்தவன் வாயில் குத்தும்போது முட்டியின் மேல்தோல், தசைநாண், மூட்டுறை ஆகிய மூன்றையும் ஒரே பல் துளைத்துவிடும். பிறகு விரலை நீட்டியதும் இவை மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்து துளைகள் விலகிவிடுகின்றன. நீட்டிய கையைப் பார்க்கும் மருத்துவருக்கு அடியில் வெள்ளையாக, வழவழப்பாக, பழுதில்லாத தசைநாண்தான் தெரியும். ஆகவே நான் மறுபடி கையை மடக்கி, குத்தும்போது வைத்திருந்தபடியே முஷ்டியைப் பிடிக்கச் சொல்வேன். அப்போது தசைநாணில் உள்ள கிழிசல் காயத்தின் வாய்க்குக் கீழே மெல்ல நகர்ந்து வந்து நிற்கும். உடைந்த பல்லின் துண்டு உள்ளே கிடக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மூட்டுக்குள் போன காயமென்றால் அன்றே அறுவை அரங்கில் திறந்து கழுவ வேண்டும். மூன்றாம் நாள் சீழோடு வந்தால் அந்த விரல் பழையபடி மடங்காமலே போகலாம். போலீசுக்குச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில்தான் பையன்கள் மறைக்கிறார்கள். உடன் வந்தவர்களை வெளியே அனுப்பி, “குத்தினாயா?” என்று மட்டும் கேட்டால் தலையாட்டிவிடுவார்கள். மனிதக் கடியில் ஹெபடைடிஸ் பி பரவ இடமுண்டு, எச்.ஐ.வி. மிக அரிது, வாயில் இரத்தம் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

பால்வாடிக் குழந்தைகள் ஒன்றையொன்று கடித்துக்கொள்வது பெரும்பாலும் தோலைத் தாண்டாது. ஆனால் குழந்தையின் உடம்பில் உள்ள கடித் தடத்தில் கோரைப் பற்களுக்கு இடையே 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் கடித்தது பெரியவராக இருக்கக்கூடும். அப்போது ஸ்கேலை எடுத்து அளந்து குறித்துக்கொள்கிறேன்; குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098 எதற்கு இருக்கிறது என்பதும் நினைவுக்கு வந்துவிடும்.

மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மாடு வெறி பிடித்துச் செத்ததும் அதன் பாலைக் குடித்த குடும்பமே ஊசிக்கு வந்து நிற்கும். காய்ச்சிய பாலால் அந்த நோய் வராது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: மாடு எச்சில் ஒழுக்கி இரை விழுங்க முடியாமல் திணறியபோது, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கைவிட்டது யார்? கேட்டால் பின்வரிசையிலிருந்து ஒருவர் கையைத் தூக்குவார். அவர் கையில் அருவாள் வெட்டோ நகக்கண் புண்ணோ இருந்தால் அது மூன்றாம் வகை.

டி.டி. ஊசி இதற்கெல்லாம் துணைதான், மாற்று அல்ல. கடைசியாகப் போட்டு ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் அழுக்கான காயத்துக்கு மறுபடி போடுகிறேன். நாயோ பூனையோ பத்து நாள் நலமாக உயிரோடு இருந்தால், மீதித் தவணைகளைச் சுருக்குவது பற்றி மருத்துவர் முடிவு செய்யலாம். நாய் காணாமல் போய்விட்டால் 28-ஆவது நாள் வரை எல்லாத் தவணைகளையும் போட்டு முடிக்க வேண்டும். தவணை முடிந்த சீட்டைத் தூக்கி எறிய வேண்டாம். மறுபடி கடிபட்டால், முழுத் தவணையும் முடித்தவருக்கு முதல் நாளும் அதிலிருந்து மூன்றாம் நாளுமாக இரண்டு தடவை தடுப்பூசி போட்டால் போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டியதில்லை. சீட்டு இல்லாமல் வாய்வார்த்தையாகச் சொன்னால் நான் எல்லாவற்றையும் முதலிலிருந்துதான் தொடங்குவேன்.