மார்ச் 4 ஏப்ரல் 3 ஆன கதை

மார்ச் 4, 2025, செவ்வாய்

காலையிலேயே, நாங்கள் பில் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் கொழும்பு புறக்கோட்டை மொத்தக் கடையிலிருந்து கோல். எத்தனை பில் போட்டாலும் ‘இன்றைய விற்பனை’ 0.00 என்றே நிற்கிறதாம். டேட்டாபேஸைத் திறந்து பார்த்தால் பில்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, ஏப்ரல் 3ஆம் திகதியில்.

ஞாயிறு இரவு புது சேர்வருக்கு மாறியிருக்கிறார்கள். அதில் எஸ்கியூஎல் சேர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்குள் நுழையும் கணக்குக்கு (லொகின்) பிரிட்டிஷ் ஆங்கிலத்தை மொழியாகக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அமைப்பில் ‘2025-03-04’ என்று எழுத்தாகப் போகும் திகதியை, நாளையும் நேரத்தையும் சேர்த்து வைக்கும் டேட்டாடைம் வகை ஆண்டு, நாள், மாதம் என்று வாசிக்கும். நேற்று ஏன் யாருக்கும் தெரியவில்லை? நேற்று 3/3. திருப்பிப் போட்டாலும் அதே நாள்தான்!

ஆண்டை முன்னால் எழுதிவிட்டால் ஆபத்தில்லை, திகதி எழுதும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601 முறைதானே என்று பலரும் நினைக்கிறார்கள். டேட், டேட்டாடைம்2 என்ற புதிய வகைகளுக்கு அது சரி. பழைய டேட்டாடைமுக்குக் கோடில்லாத ‘20250304’ தான் நம்பகமானது.

இப்போதைக்கு லொகின் மொழியை மாற்றி, தவறிப்போன பில்களை இன்றைய திகதிக்குக் கொண்டுவந்தாயிற்று.

மார்ச் 5, புதன்

மொழியை மாற்றியது வெறும் ஒட்டுப்போடல். டேட்டாபேஸுக்குப் போகும் எஸ்கியூஎல் கட்டளை வரியோடு திகதியை எழுத்தாக ஒட்டி அனுப்பும் இடங்களைத் தேடிப் பிடித்து, தனி மதிப்பாகப் போகும் பராமீட்டராக மாற்றிக்கொண்டிருக்கிறோம். திகதி திகதியாகவே போனால் எது நாள், எது மாதம் என்ற கேள்விக்கே இடமில்லை. 04/03/2025 என்று அழகாகக் காட்டுவது திரையின் வேலை.

“பேசாமல் வார்சாராகவே, அதாவது வெறும் எழுத்தாகவே, சேமித்தால் என்ன அண்ணா?” என்றான் கூட வேலை செய்யும் தம்பி. வரிசைப்படுத்திப் பார் என்றேன். 01/12/2024 முதலில் வந்தது, 02/01/2024 அதற்குப் பின்னால். சிரித்துவிட்டுப் போனான்.

மார்ச் 10, திங்கள்

இது வேறு ரகம். ஊழியர் பதிவில் பிறந்த திகதி ஒரு நாள் பின்தங்குகிறது. பிரவுசரில் தெரிவு செய்த திகதி கொழும்பு நள்ளிரவாக எடுக்கப்படுகிறது. பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதை யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றி அனுப்பும்போது முதல் நாள் மாலை 18:30 ஆகிவிடுகிறது. சேர்வர் நேரத்தை வெட்டிவிட்டு நாளை மட்டும் வைத்துக்கொள்கிறது.

தம்பி சேர்வரில் 5:30 மணித்தியாலம் கூட்டிப் பார்த்தான். பெரும்பாலானவை சரியாகின. 2001இல் பிறந்த பிள்ளை ஒருவருக்கு மட்டும் இன்னும் ஒரு நாள் குறைவு. அவன் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பாவம், அந்தக் காலத்துக் கடிகாரம் அவனுக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது!

1996 மே மாதம் இலங்கை நேரம் யூடிசியை விட 5:30 முன்னால் இருந்ததிலிருந்து 6:30க்குப் போனது, ஒக்டோபரில் 6:00க்கு இறங்கியது, 2006 ஏப்ரலில்தான் திரும்பவும் 5:30க்கு வந்தது. பிரவுசரிடம் ஆசியா/கொழும்பு வலயத்தின் வரலாறு இருக்கிறது. ஆகவே 2001இன் நள்ளிரவை 18:00 என்று சரியாக மாற்றியது. அதோடு 5:30ஐக் கூட்டினால் முதல் நாள் இரவு 23:30 தானே வரும்?

வலயத்தின் பெயரைக் கொடுத்தும் திருத்தலாம். ஆனால் பிறந்த நாளுக்கு மணி எதற்கு? வெறும் ஆண்டு, மாதம், நாள் மட்டும் அனுப்பி, டேட் வகைப் பத்தியில் (column) வைக்கச் சொன்னேன். பில் வெட்டிய நேரம் போன்றவை மட்டும் யூடிசியில் இருக்கட்டும்.

சரிபார்க்க அடையாள அட்டை இலக்கம் கைகொடுத்தது; பிறந்த ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் அதில் இருக்கும். அதிலும் ஒரு சூட்சுமம்: எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29ஐச் சேர்த்தே நாளை எண்ணியிருப்பார்கள். மார்ச் 1 எப்போதும் 061. பெண்களுக்கு மேலே 500 கூட்ட வேண்டும்.

மார்ச் 12, புதன்

நாளை போயா லீவு. டெஸ்ட் சேர்வரின் லொகினை வேண்டுமென்றே பிரிட்டிஷ் ஆங்கிலத்திலேயே விட்டுவைத்திருக்கிறேன். மனேஜருக்கு அது பிடிக்கவில்லை. திகதியை எழுத்தாக அனுப்பும் இடம் எங்காவது ஒன்று விடுபட்டிருந்தால் வெள்ளிக்கிழமை 14ஆம் திகதி தானாகவே எரர் அடிக்கும். பதினான்காம் மாதத்துக்கு அது எங்கே போகும்?