பேரலா, தோட்டாவா, நானா

ஜனவரி 9
50 மீட்டர் ரைஃபிள், படுத்துச் சுடும் பயிற்சி. மறுபடியும் எட்டாவது குண்டு. ஏழு குண்டு 10.3 புள்ளிக்குக் கீழே போகவில்லை. எட்டாவது 9.7, நேர் மேலே, பன்னிரண்டு மணியில்.

ஜனவரி 11
பேரலை, துப்பாக்கிக் குழாயை, சுத்தம் செய்தேன். தோட்டா உட்காரும் சேம்பருக்கு முன்னால் கரி வளையம் கட்டியிருந்தது. கழுவிய பேரல் உடனே ஒழுங்காகச் சுடாது, தோட்டாவின் மெழுகு உள்ளே படிய வேண்டும். முப்பது குண்டு அதற்கே போயிற்று. முப்பத்தெட்டாவது மேலே ஏறியது. எட்டில்தான் முடிகிறது.

ஜனவரி 12
புதுப் பேரல் வாங்கிவிடலாம் என்கிறார் அப்பா. பணம் எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஜனவரி 17
பொங்கல் விடுமுறை முடிந்து ரேஞ்ச் திறந்தது. கோச் சார் வேகமானி கொண்டுவந்தார். ஒரே பெட்டித் தோட்டாதான்: ஒன்று வினாடிக்கு 334 மீட்டர், இன்னொன்று 319. பத்து மீட்டர் வேகம் குறைந்தால் 50 மீட்டர் தூரத்தில் குண்டு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் தாழ்ந்து விழும். நம் இலக்கில் 0.8 மில்லிமீட்டர் விலகினால் 0.1 புள்ளி போச்சு. அப்படியென்றால் நான் அசையாமல் படுத்திருந்தாலும் ஒரு புள்ளிக்கு மேல் மேலும் கீழும் ஆடும்.

"அப்போ பேரல் நல்லாத்தான் இருக்கா சார்?"

"ஈயக் குண்டும்மா. அதுக்கு இரும்பு அவ்வளவு சீக்கிரம் தேயாது. லாட்டை மாத்திப் பாரு, வேற தடவை தயாரிச்ச தொகுதியில எடு."

ஜனவரி 18
தூக்கம் வரவில்லை. ரியோ ஒலிம்பிக் 2016, ஏர் ரைஃபிள் இறுதிச்சுற்று நினைவுக்கு வந்தது. பிந்த்ராவும் குலிஷும் 163.8இல் சமம். கூடுதல் குண்டில் குலிஷ் 10.5, பிந்த்ரா 10.0. பிந்த்ராவுக்கு நான்காம் இடம்.

பிப்ரவரி 3
ஜெர்மனிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று, என் பேரலில் லாட் லாட்டாகத் தோட்டாவைச் சுட்டுப் பார்க்க. அப்பாவுக்கு ஸ்கேன் அதே வாரத்தில்தான். போ என்கிறார்.

பிப்ரவரி 12, ஷோன்பெக்
மாக்டபுர்க்கிலிருந்து சின்ன ரயில். எல்பே ஆற்றின் மேல் பனிப்புகை. நாளை காலை என் முறை.

பிப்ரவரி 13
துப்பாக்கியின் தோள்கட்டையைக் கழற்றி, பேரலையும் ஆக்‌ஷனையும் (சுடும் பொறி) மட்டும் இரும்புப் பிடியில் இறுக்கினார்கள். என் துப்பாக்கியை நான் தொடாமல் வேறொருவர் சுடுவதை முதல்முறையாகப் பார்த்தேன். வயிற்றைப் பிசைந்தது. ஒரு லாட்டுக்குப் பத்து குண்டு, நன்றாக வந்தால் இன்னும் முப்பது. எல்லாம் ஒரே பெயர், ஒரே விலை, லாட் எண் மட்டும்தான் வேறு. முதல் லாட் 23 மில்லிமீட்டர் பரவியது. அடுத்தது 21. அப்புறம் 24. பேரல் போச்சு, அப்பா பணம் புரட்டப் போகிறார் என்றே நினைத்துவிட்டேன். ஒன்பதாவது லாட்டில் பத்தும் ஒரே ஓட்டையாகக் குவிந்தன. நாற்பது முடிந்தபோது ஓரத்திலிருந்து ஓரம் 15.1.

23 வந்த லாட் மட்டமானது இல்லையாம். இன்னொருவர் பேரலில் அதுவே 15 வரலாமாம். துளையும் தோட்டாவும் ஒத்துப்போக வேண்டும், சுட்டுப் பார்க்காமல் சொல்ல வழியே இல்லை.

சரி, பேரல் பிழைத்தது. ஆனால் இரவில் வீட்டு இலக்குத் தாள்களின் போட்டோக்களை எடுத்து அந்த வட்டத்தோடு வைத்துப் பார்த்தேன். பிடியில் சுட்டது உருண்டை. என்னுடையது மேலே நீள்கிறது, அது தோட்டா. வலப்பக்கமும் நீள்கிறது. மூன்று மணியில் 10.1, 10.0, 10.2, தாளுக்குத் தாள். எட்டாவதையே பார்த்துக்கொண்டிருந்ததில் இதைப் பார்க்கவே இல்லை. இந்த வலப்பக்கம் எந்த லாட்டிலும் இல்லை.

பிப்ரவரி 14
ஊரில் ஒரு பழைய உப்பு மதில். முட்சுள்ளி அடுக்கி, அதன்மேல் உப்புநீரை வழியவிடுகிறார்கள். மூச்சுக்கு நல்லதாம். அரைமணி நேரம் நின்றேன். அப்பாவை அழைத்து வந்திருக்கலாம்.

பிப்ரவரி 26
அந்த ஒன்பதாவது லாட் தோட்டா இன்னும் வரவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டும் வரவில்லை.

மார்ச் 8
தோட்டா இல்லாமலே பயிற்சி. படுத்து, குறி வைத்து, கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டு, திறந்து பார்க்கிறேன். குறி ஒவ்வொரு முறையும் வலப்பக்கம் போயிருக்கிறது. இத்தனை நாளும் தோளால் இழுத்து நடுவில் பிடித்திருக்கிறேன். களைத்தால் தோள் விட்டுவிடும், அவ்வளவுதான். இடுப்பை ஓர் அங்குலம் நகர்த்தினேன்.

மார்ச் 9
இன்னும் அரை அங்குலம்.

மார்ச் 15
ரிப்போர்ட் வந்தது. அப்பா படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார்.

மார்ச் 19
பெட்டி வந்துவிட்டது. லாட் எண்ணை மூன்று தடவை சரிபார்த்தேன், அதேதான். நாளை காலை ஆறு மணிக்கு, காற்று எழும்புவதற்கு முன்