பொரித்த ஈரல்

இன்று திருகோணமலையில் சின்னப் பிள்ளைகளின் செஸ் போட்டி. மகனுக்குக் கறுப்பு. எதிரே முன்பல்லு விழுந்த ஒரு பெட்டை. இத்தாலியன் தொடக்கம் என்கிற ஆரம்ப முறை, நாலாவது நகர்த்தலிலேயே அவளுடைய குதிரை ஜி5 கட்டத்தில் வந்து நின்றது. இவன் சிப்பாயை டி5க்குத் தள்ளினான், அதுவரை சரி. அவள் சிப்பாயால் வெட்ட, இவனும் யோசிக்காமல் குதிரையால் திருப்பி வெட்டினான். அந்த இடத்தில் மற்றக் குதிரையை ஏ5க்கு வைத்து அவளுடைய பிஷப்பைத் துரத்த வேண்டும் என்று நேற்றிரவும் சொன்னேனே!

அவள் குதிரையை எஃப்7இல் பலி கொடுத்தாள். அவளுடைய ராணி செக் வைக்க, இவனுடைய ராஜா நடுப்பலகைக்கு இழுபட்டார். இந்தத் தாக்குதலுக்குப் பெயரே ‘பொரித்த ஈரல்’தான்.

திரும்பும்போது கோட்டையடியில் மான்களைப் பார்த்துக்கொண்டு நின்றவன் கேட்டான்: “அப்பா, அடுத்தமுறை வெள்ளை கிடைச்சா நானும் இதையே அடிக்கலாமோ?”