ஆச்சியின் பிடி அரிசி போய்ச் சேர்ந்த ஊர்

எங்கள் வீட்டு அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா இருக்கும். உலை கொதிக்கும்போது ஆச்சி அரிசியை அளந்து சுளகில் போடுவாள். களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்த டப்பாவில் போட்டு மூடிவிடுவாள். எல்லாருக்கும் சோறு காணுமா என்று சந்தேகப்பட்ட நாட்களிலும் அந்தப் பிடி மட்டும் சின்னதாகாது. ஞாயிற்றுக்கிழமை டப்பா அவளோடு கோயிலுக்குப் போகும், காலியாகத் திரும்பி வரும்.

"இது யாருக்கு ஆச்சி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தோர்ணக்கல்லுக்கு, மக்களே."

தோரணம் கட்டிய ஒரு பெரிய கல்லை நான் மனதுக்குள் வைத்துக்கொண்டேன். அந்தக் கல்லுக்கு எதற்கு அரிசி என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அது ஒரு ஊர் என்பதும், இந்திய மிஷனெரி சங்கம் தன் முதல் ஊழியக்காரரை அனுப்பிய இடம் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. அந்தச் சங்கத்துக்குத்தான் ஆச்சியின் அரிசி. அவள் காலத்திலேயே சங்கம் வேறு பல இடங்களுக்கும் போய்விட்டது. அவளுக்கு மட்டும் சங்கம் போன ஊரெல்லாம் தோர்ணக்கல்தான்.

அந்த ஊரைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை இந்த ஆண்டுதான் நிறைவேறியது. நேராக ரயில் ஏற மனம் வரவில்லை. எங்கிருந்து புறப்பட்டதோ அங்கிருந்தே புறப்படலாம் என்று முதலில் வெள்ளாளன்விளைக்குப் போனேன்.

மெய்ஞ்ஞானபுரத்தைத் தாண்டியதும் தேரிச் செம்மண்ணும் பனையும்தான். இந்த ஊரில்தான் 1874 ஆகஸ்ட் 17-ஆம் தேதி, பின்னால் அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா பிறந்தார். அப்பா தாமஸ் வேதநாயகம் இங்கே குருவானவர். வேதாகமத்தில் சாமுவேலின் தாய் அன்னாளைப் போல, அம்மா எலன் பல ஆண்டுகள் ஜெபித்துப் பெற்ற பிள்ளை இவர். அதனால்தான் பெயரில் சாமுவேல். பனை ஏறுகிறவர்களும் கருப்பட்டி காய்ச்சுகிறவர்களும் நிறைந்த சபை. இங்கெல்லாம் பதநீர் இறங்கும் மாதங்களில்தான் வீட்டில் நாலு காசு புரளும். மற்ற மாதங்களில் கடன். அப்படிப்பட்ட கைகள்தான் பின்னால் ஒரு சங்கத்தையே தாங்கின. ஆலயத்துக்குள் கொஞ்ச நேரம் முழங்காலில் நின்றேன். வெளியே வந்தபோது கால் முழுக்கச் செம்மண். அதைத் தட்டிவிடவில்லை.

அங்கிருந்து பாளையங்கோட்டை. தூய திரித்துவப் பேராலயம், எங்கள் பேச்சில் ஊசிக்கோபுரம். மிஷனெரி ரேனியஸ் ஐயர் கட்டி 1826-ல் பிரதிஷ்டையான கோயில். இந்தப் பாளையங்கோட்டையில்தான் 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. அப்போது அசரியாவுக்கு 28 வயது, ஒய்.எம்.சி.ஏ. என்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்க வேலையாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த இளைஞர்.

தொடக்கம் பாளையங்கோட்டையில் என்றாலும் பொறி விழுந்தது யாழ்ப்பாணத்தில். 1902-ல் அசரியா அங்கே போனார். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தங்களுக்குள்ளே ஒரு சங்கம் வைத்து, காசு சேர்த்து, கடல் தாண்டி நம் ராமநாதபுரம் கரையில் இருக்கிற தொண்டிக்கு ஒரு மிஷனெரியை அனுப்பியிருந்தார்கள். இதைக் கேட்டதும் அவருக்கு உள்ளே என்னவோ செய்திருக்க வேண்டும். திருநெல்வேலியில் எத்தனை சபைகள், எத்தனை கோபுரங்கள்! சுவிசேஷம் கேட்டு நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. நாம் யாரை எங்கே அனுப்பினோம்? அந்த இரவு அவர் தனியாக ஒரு மரத்தடியில் அழுது ஜெபித்தார் என்று எங்கள் சபைகளில் சொல்வார்கள். சிறு வயதில் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம், அந்த மரம் எங்கள் வீட்டுப் புறவாசல் பனையைப் போல இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

வெட்கம் நல்லதற்கு வருவது அபூர்வம். அசரியாவின் வெட்கம் அப்படி வந்தது. ஊர் திரும்பியவர் ஒரு வருடத்துக்குள் காரியத்தில் இறங்கிவிட்டார். இந்தியர்களே போகவேண்டும், இந்தியர் காசில் போகவேண்டும், இந்தியர்களே நடத்தவேண்டும் என்பதுதான் சங்கத்தின் உறுதி. வெள்ளைக்கார மிஷன்கள் எல்லாவற்றையும் நடத்திய காலத்தில் இது சின்னப் பேச்சு இல்லை.

இதற்கு முந்தின ஒரு விதையையும் சொல்லியாக வேண்டும். 1854-ல் ஆங்கிலேய மிஷனெரி ராக்லண்ட் ஐயர் சிவகாசிப் பக்கம் கூடாரம் போட்டு, ஊர் ஊராக நடந்து பிரசங்கிக்கிற ஊழியத்தைத் தொடங்கினார். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் பேர் வாங்கியவர். கூடப் போனவர்கள் யார்? நம் தெற்கத்திச் சபைகளின் உபதேசியார்கள். மாதத்துக்கு ஒரு குழு முறைவைத்து வடக்கே போகும். அவர்கள் செலவைச் சபைகளே ஏற்றுக்கொண்டன. ராக்லண்ட் 1858-ல் சிவகாசியிலேயே இறந்தார். தானியமணி நிலத்தில் விழுந்து சாவதுதான் ஊழியம் பலன் தருவதற்கு நிச்சயமான வழி என்று எழுதிவைத்தவர் அவர். உபதேசியார்களின் பெயர்கள் அவ்வளவாக யாருக்கும் தெரியாது. எனக்கு அவர்கள்மேல்தான் அதிகப் பாசம். வெயிலில் நடந்தவர்கள், கல்லெறியும் வாங்கியவர்கள், அடுத்த மாதம் ஊர் திரும்பித் தங்கள் சபைப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர்கள். 1903-ல் ஜனங்கள் உடனே கைகொடுத்தார்கள் என்றால், ஊழியக்காரனை வழியனுப்பிப் பழகிய வீடுகள் இங்கே ஏற்கெனவே இருந்தன.

சரி, தோர்ணக்கல்லுக்கு வருகிறேன். சென்னையில் ரயில் மாறி, விஜயவாடா தாண்டி, கம்மத்துக்கு அப்புறம் வருகிற ஜங்ஷன். நம் ஊரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். இன்று தெலங்கானா, அன்று நிஜாமின் சீமை. சங்கத்தின் முதல் மிஷனெரியாகச் சாமுவேல் பாக்கியநாதன் இங்கே வந்தபோது பாஷை புதிது, சாப்பாடு புதிது. ஒரு தமிழன் தெலுங்கில் அ, ஆ எழுதிப் பழகுவதிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். அசரியாவும் சும்மா ஆள் அனுப்பிவிட்டு இருந்துவிடவில்லை. 1909-ல் குருப்பட்டம் பெற்று, 35 வயதை ஒட்டி, மனைவி அன்பு மரியம்மாளோடு தானே இங்கே வந்து தெலுங்கு படித்தார். அனுப்புகிறவனே புறப்பட்டு வந்தது என்னை எப்போதும் அசைக்கிற விஷயம்.

அடுத்த வருடம், 1910-ல், எடின்பரோ மாநாட்டில் உலக மிஷன் தலைவர்கள் முன்னால் எழுந்து நின்று அவர் பேசியது இன்றும் நினைக்கப்படுகிறது. உங்கள் பொருளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். 1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தாவில் அவருக்குப் பேராயர் அபிஷேகம் நடந்தது. ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர்; ஆசனம் தோர்ணக்கல்.

பேராயரான பிறகும் மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகப் போனார். அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் தீண்டாமைக்கு ஆளான மாலா, மாதிகா மக்கள். நிலமில்லாமல் அடுத்தவன் வயலில் உழைத்தவர்கள். ஞானஸ்நானம் பெறுகிறவர்களை அவரவர் தலைமேல் கைவைத்து, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்று சொல்லவைப்பார். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரரும் அந்த நிமிடத்திலிருந்து பிரசங்கிதான். சம்பளம் வாங்குகிற ஊழியக்காரர்களால் மட்டும் அந்த இயக்கம் பரவவில்லை. வயலுக்குப் போகிற வழியில் பக்கத்து ஊர்க்காரரிடம் பேசியவர்களால் பரவியது.

காலையில் பேராலயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். குவிமாடங்கள், மினார்கள், உள்ளே நம் கோயில் மண்டபத்தை நினைவுபடுத்தும் தூண்கள். முசல்மான் கட்டடக் கலையும் தென்னாட்டுக் கட்டடக் கலையும் சேர்ந்து சிலுவையைத் தாங்கி நிற்கின்றன. ஊசிக்கோபுரத்தைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, வாசலில் கண் நிறைந்துவிட்டது. இந்த மண்ணில் முளைத்ததுபோல் ஒரு ஆலயம் வேண்டும் என்று அசரியா ஆசைப்பட்டார். கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. 1939 ஜனவரி 6-ஆம் தேதி, சாஸ்திரிகள் குழந்தை இயேசுவைக் கண்டதை நினைவுகூரும் எப்பிப்பனி நாளில், பிரதிஷ்டை செய்தார்கள். ஆறு ஆண்டு கழித்து, 1945-ஆம் வருடப் பிறப்பன்று அவர் மரித்தார். அவர் பாடுபட்ட சபை ஐக்கியம் 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபையாக உருவானதை அவர் பார்க்கவில்லை. கானானை மலைமேலிருந்து பார்த்தும் உள்ளே போகாமலே மரித்த மோசேயின் ஞாபகம் வந்தது.

கல்லறையண்டை நின்று, வெள்ளாளன்விளை மண் ஒட்டிய செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்று கேட்டால், பெரும்பாலும் ஆச்சியின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆராதனை தெலுங்கில். ஒரு வார்த்தையும் முழுசாகப் புரியவில்லை, ஆனால் எங்கே பாவ அறிக்கை, எங்கே விசுவாசப் பிரமாணம் என்று முழங்காலுக்கும் உதட்டுக்கும் தெரிந்தது. நான் தமிழில் சொன்னேன், பக்கத்தில் அவர்கள் தெலுங்கில் சொன்னார்கள், ஆமென் ஒன்றாக வந்தது.

காணிக்கை நேரத்தில் எனக்கு முன்னால் இருந்த வயதான அம்மா சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்தார். உள்ளே அரிசி. நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு திரும்பினார்.

"பிடிகெடு பிய்யம்," என்றார்.

பிடி என்பது புரிந்துவிட்டது, ஒரு பிடி அரிசி. எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் திருநெல்வேலி என்றேன். "அஜரய்யா ஊரா?" என்று அவர் முகம் மலர்ந்தது. என் கையில் ஒன்றும் இல்லை என்பதைக் காட்ட வெறுங்கையை விரித்தேன். பணம் எடுக்கப் பையைத் தொட்டபோது அவர் தலையசைத்துத் தடுத்தார். தன் முடிச்சிலிருந்து ஒரு பிடி அள்ளி, என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். இரண்டு பேரும் எழுந்து பீடத்தை நோக்கி நடந்தோம்.