நெல் காய்ந்தபோது கிளம்பிய பேச்சு

அரிசி ஆலையில் பேச்சு பிறக்கிற இடம் எடை மேடைதான். நெல் உள்ளே வரும்போது ஒரு எடை, அரவைக்கு எடுக்கும்போது ஒரு எடை. நடுவில் எது குறைந்தாலும் யாராவது ஒருவர் பெயர் அடிபடும். தஞ்சாவூர் பக்கம் ஒரு தனியார் ஆலையில் கணக்கு எழுதுகிறவள் நான். அந்த வருஷம் அடிபட்டது என் பெயர்.

சம்பா அறுவடை தையில் வரும். பனிக்காலம், நெல் சரியாகக் காய்ந்திருக்காது. 17 சதவீத ஈரத்தோடு வாங்கி, 40 கிலோ சிப்பமாக, அதாவது மூட்டையாகப் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அட்டி போட்டோம். வழக்கமாகச் சில நாளில் அரவைக்குப் போய்விடும். அந்த முறை பாய்லர் பழுதாகி, அட்டி பங்குனி வரை அப்படியே கிடந்தது. பிரித்து எடை போட்டால் ஆயிரம் சிப்பத்துக்கு ஒரு டன்னுக்கு மேல் குறைகிறது.

"கணக்குப் பொண்ணும் லாரி டிரைவரும் சேர்ந்து ராத்திரி லோடு விட்டிருக்காங்க" என்று டீ நேரத்தில் பேச்சு கிளம்பியது. முதலில் சொன்னவர் சூப்பர்வைசர் என்பது எனக்குத் தெரியும். முதலாளி திட்டவில்லை. "கணக்கு நேராகட்டும்மா, சம்பளத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். மகளுக்குத் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது.

ஆலையில் பேசியதைத் தாங்கிக்கொண்டேன். சபைக்குள் வந்ததுதான் வலித்தது. "சிஸ்டர், வெளியே சொல்லாதீங்க, ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்" என்று ஒருவர் தொடங்க, வீட்டு ஜெபக்கூட்டத்தில் நான் ஒரு ஜெபக்குறிப்பாகிவிட்டேன். இந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. பெயரையும் கதையையும் விரிக்காமலே ஒருவருக்காக ஜெபிக்கலாம், கேட்கிறவருக்கு எல்லாம் தெரியும். உண்மையிலேயே மனதில் பாரம் இருந்தால் அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். குற்றமே நடந்திருந்தாலும் மத்தேயு 18:15 சொல்கிற வழி, "நீ போய், அவனும் நீயும் தனித்திருக்கையில்" என்பதுதான். அப்படி வந்தவர் உபதேசியாரின் மனைவி மட்டும். "சாப்பிட்டியாம்மா? சாப்பிடு, அப்புறம் நடந்ததைச் சொல்லு" என்று உட்கார்ந்தார்.

திருப்பிச் சொல்ல என்னிடமும் விஷயம் இருந்தது. யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார்கள், எந்தக் கஷ்டத்துக்கு வாங்கினார்கள் என்பதெல்லாம் என் கையில் உள்ள புத்தகத்தில் இருக்கிறது. சூப்பர்வைசர் வீட்டு விஷயம் ஒன்றை டீ நேரத்தில் எடுத்துவிட்டிருந்தால் ஒரே நாளில் பேச்சு அவர் பக்கம் திரும்பியிருக்கும். ஆனால் வேலையை நம்பி என்னிடம் வந்த செய்தி அது. "ஆவியில் உண்மையுள்ளவனோ காரியத்தை அடக்குகிறான்" என்று நீதிமொழிகள் 11:13-ல் இருக்கிறது. அந்த நாட்களில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் ஜெபித்ததெல்லாம் 141-ம் சங்கீதத்தின் ஒரு வரிதான்: "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல் வையும்."

புறம் பேசாமல் இருப்பது வேறு, உண்மையைச் சொல்லாமல் இருப்பது வேறு. கர்த்தரை நம்புகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் லுத்தரன் சபையில் அடிக்கடி கேட்ட வரலாறுதான். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவை 1708 இறுதியில் டேனிஷ் கோட்டையிலேயே சுமார் நான்கு மாதம் சிறை வைத்தார்கள். தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்க அவர் உட்கார்ந்ததும் அதே வருஷம்தான். வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, 1711-ல் முடித்தார். "உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து, அவர்மேல் நம்பிக்கையாயிரு" என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாலு மாதம் நினைவுக்கு வரும். ஒப்புவித்த பிறகும் வழியில் நடக்க வேண்டியது நாம்தான்.

பாய்லர் பார்க்கும் பெரியவர் ஒருநாள் போகிற போக்கில் கேட்டார்: "நெல்லு காயாதா பாப்பா? மாசி பங்குனி வெயில் எங்க போச்சு?" கர்த்தர் எனக்கு அனுப்பிய பதில் அது என்று முழு மனதோடு நம்புகிறேன். அன்று இரவே கணக்குப் போட்டேன். 17 சதவீத ஈரமுள்ள 40 கிலோவில் 33.2 கிலோதான் நெல், மீதி தண்ணீர். ஈரம் 14-க்கு இறங்கினால் அதே சிப்பம் 38.6 கிலோதான் நிற்கும். சிப்பத்துக்கு 1.4 கிலோ என்றால் ஆயிரம் சிப்பத்துக்கு 1,400 கிலோ, அதாவது 35 சிப்பம். ஒரு மணி நெல்கூட வெளியே போகாமல் இவ்வளவும் குறையும்.

காலையில் முதலாளியிடம் கொள்முதல் சீட்டுகளைக் காட்டி, ஈரப்பத மீட்டரை எடுத்துவரச் சொன்னேன். எந்தச் சிப்பத்தில் பார்த்தாலும் 14-ஐ ஒட்டியே காட்டியது. சம்பளம் வந்தது. இப்போது வாங்கும்போதும் எடுக்கும்போதும் ஈரத்தைக் குறிக்கிறோம்.

சூப்பர்வைசரைத் தனியாகப் பார்த்து, "அண்ணே, இனிமே சந்தேகம் வந்தா எங்கிட்டயே கேளுங்க" என்றேன். "சரிம்மா" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

ஜெபக்கூட்டத்தில் யாராவது "வெளியே சொல்லாதீங்க" என்று தொடங்கினால், "வாங்க, அவங்க வீட்டுக்கே போய்ட்டு வருவோம்" என்று எழுந்துவிடுகிறேன். எல்லோரும் வருவதில்லை. வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.