ஊதிக்கிட்டேதான் இருந்தேன், சிஸ்டர்

"நீங்க சொன்ன மாதிரி ஊதிக்கிட்டேதான் இருந்தேன், சிஸ்டர்."

மறுபடி வார்டுக்கு வந்த அந்தப் பெரியவர் குறையாக இதைச் சொல்லவில்லை. பாடத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு வந்த பிள்ளையைப் போலச் சொன்னார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

முதல் தடவை, இரவுப் பணியில் அந்த மூச்சுப் பயிற்சியை நான்தான் கற்றுக்கொடுத்தேன். உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் லேசிக்ஸ் ஊசியில் நுரையீரல் நீர் இறங்கியிருந்தது. கண்ணயர்ந்தால் மூச்சு நின்றுவிடும் என்ற பயம் மட்டும் இறங்கவில்லை. நிமிர்த்தி உட்காரவைத்து, முன்னால் தலையணை வைத்துக் கைகளைச் சாய்க்கச் சொன்னேன். மூக்கு வழியாக இரண்டு எண்ணி இழுத்து, உதட்டைக் குவித்து நாலு எண்ணி ஊத வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஊதினேன். நிமிடத்துக்கு 28 ஆக இருந்த மூச்சு 20க்கு வந்தது. அவசரமாக, மேலோட்டமாக இழுக்கும் மூச்சில் பெரும்பங்கு மூச்சுக்குழாயோடு திரும்பிவிடும். நிதானமாக இழுத்தால்தான் நுரையீரலின் காற்றறை வரை போய்ச் சேரும். அன்று விடியும்வரை தூங்கினார்.

வீட்டில், மறுபடி நீர் சேர்ந்து, நாலு நாளில் எடை 3 கிலோ ஏறியிருக்கிறது. கால் வீங்கி, படுக்க முடியாமல், மூன்று இரவு நாற்காலியிலேயே உட்கார்ந்து ஊதியிருக்கிறார்.

"அடங்குச்சே, சிஸ்டர். அதான் வரலை."

தினமும் காலையில் எடை பாருங்கள், மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடனே வாருங்கள் என்று நான் சொல்லியிருந்தேன். டிஸ்சார்ஜ் தாளிலும் இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னது வீட்டுக்குப் போகும் அவசரத்தில், கையெழுத்து வாங்கிக்கொண்டே. ஊதக் கற்றுக்கொடுக்க மட்டும் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பயிற்சி தப்பில்லை. பயம் மூச்சை இறுக்கும், இறுகிய மூச்சு பயத்தைக் கூட்டும்; அதை அவிழ்க்க இதைவிடக் கைக்கெட்டிய வழி எனக்குத் தெரியாது. ஆனால் அது ஒரு சொட்டு நீரைக்கூட வெளியேற்றாது. நீர் ஏறுகிறது என்று உடம்பு தட்டிய கதவை, நான் கொடுத்த பயிற்சியே சாத்தியதோ?

இப்போதெல்லாம் கற்றுக்கொடுக்கும்போதே, "ஊதியும் படுக்க முடியலேன்னா காத்திருக்காதீங்க" என்கிறேன். அதைக் கேட்டதுமே ஓர் அம்மாவுக்கு, அப்போதுதான் அடங்கிய மூச்சு திரும்ப ஏறியது. எதை முதலில் சொல்வது?

இரண்டாம் தடவை வீடு திரும்பும்போது பெரியவர் கேட்டார்: "அப்ப இனிமே ஊதலாமா, கூடாதா?"

"ஊதுங்கய்யா. ஆனா காலையில எழுந்ததும் எடை பாத்துடுங்க."

தலையாட்டினார். அன்றும் நின்றுகொண்டேதான் சொன்னேன்.