பெஞ்சில் உட்காரவும் பயிற்சி உண்டு

அமெரிக்காவில் அயோவா மாநிலம் என்றால் சோளக்காடு, பன்றிப் பண்ணை, இன்சூரன்ஸ் கம்பெனி. அதன் தலைநகர் டெ மொய்ன் பக்கம் வந்து சேரும் தமிழர்களில் பெரும்பாலானோர் மூன்றாவதை நம்பித்தான் வருகிறோம். என் வீட்டுக்காரருக்கும் அப்படியொரு கம்பெனியில் மென்பொருள் வேலை. மகள் அப்போது ஆறாம் வகுப்பு, சின்னவன் கைக்குழந்தை. இங்கத்திய குளிரைப் பற்றி எச்சரிக்காதவர் இல்லை. பெண் பிள்ளைகளின் பேஸ்கட்பாலைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நான் பெரியகுளத்துக்காரி. கோடை விடுமுறையில் அங்கே நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைப் பார்த்து வளர்ந்தவள். ரயில்வே அணி, பேங்க் அணி, ராணுவ அணி எல்லாம் வரும். ஊரே இரவெல்லாம் கேலரியில் உட்கார்ந்திருக்கும். ஆடுகிறவர்கள் எல்லாம் ஆண்கள். அதனால் விளையாட்டு எனக்குப் புதிதில்லை. பெண் பிள்ளைகள் ஆடுவதற்குச் செவ்வாய்க்கிழமை ராத்திரி பனியில் வண்டியை எடுத்துக்கொண்டு ஊரே கிளம்பி வருவதுதான் புதிது.

இதற்கு நூறு வருடப் பழக்கம் இருக்கிறது. பெண்களுக்கான மாநிலப் போட்டி இங்கே 1920-லேயே ஆரம்பித்துவிட்டது. பெண்கள் விளையாட்டுக்கென்றே தனிச் சங்கம் வைத்து நடத்துகிற மாநிலம் இது. அந்தக் காலத்து ஆட்டம் வேறு மாதிரி. அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் ஃபார்வர்ட், மூன்று பேர் கார்டு. நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. பந்தை இரண்டு தடவைக்கு மேல் தட்டக் கூடாது. கூடையில் போடுவது ஃபார்வர்டின் வேலை, தடுப்பது கார்டின் வேலை. 1968 இறுதி ஆட்டத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். யூனியன்-விட்டன் பள்ளியின் டெனிஸ் லாங் 64 புள்ளி எடுத்தார். எதிரணி எவர்லியின் ஜெனட் ஓல்சன் 76 எடுத்தும் தோற்றார். கூடுதல் நேரம் போய் 113-107. அடுத்த வருடம் என்பிஏ என்ற தொழில்முறை ஆண்கள் லீக்கின் சான் ஃபிரான்சிஸ்கோ வாரியர்ஸ் அணி டெனிஸ் லாங்கைத் தேர்வுப் பட்டியலில் எடுத்தது. லீக் அதைச் செல்லாது என்று தள்ளிவிட்டது.

எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி அந்த ஆறு பேர் ஆட்டத்தில் கார்டாக இருந்தவர். பள்ளியில் ஆடிய காலம் முழுக்க ஒரு பந்துகூடக் கூடையில் போட்டதில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வார். போட அனுமதியே இல்லையே! சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் 1972-ல் கல்விக்கூடங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற டைட்டில் நைன் சட்டம் வந்து, பெண்களுக்கும் கல்லூரி அணி, ஸ்காலர்ஷிப் என்று வழி பிறந்தபோது அந்தக் கார்டுகள்தான் மாட்டிக்கொண்டார்கள். கல்லூரியில் ஆடுவது ஐந்து பேர் ஆட்டம், மைதானம் முழுக்க ஓட வேண்டும், எல்லோரும் எல்லாம் செய்ய வேண்டும். பாதி மைதானத்தில் தடுத்துக்கொண்டு மட்டுமே நின்ற பெண்ணை எந்தக் கல்லூரி கோச் கூப்பிடுவார்? 1980களில் சில பெற்றோர்கள் இதற்காகக் கோர்ட்டுக்கே போனார்கள். பெரிய பள்ளிகள் முதலில் மாறின. 1993-ல் ஆறு பேர் ஆட்டம் அடியோடு நின்றது. ஃபார்வர்டுகள் சிலர் தப்பித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1987-ல் பள்ளி முடித்த ஜேன் ஜென்சன் கடைசி வருடம் ஆட்டத்துக்குச் சராசரி 66 புள்ளி எடுத்தவர். இதே டெ மொய்னில் உள்ள டிரேக் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கேயும் புள்ளிகளைக் குவித்தார். 2024-லிருந்து அயோவா பல்கலைக்கழக அணிக்கு அவர்தான் தலைமை கோச்.

பள்ளி கோச் எதைச் சொல்லிக் கொடுக்கிறார் என்பதை வைத்துத்தான் ஒரு பெண் கல்லூரியில் நிலைப்பதும் திரும்பி வருவதும் என்று இந்த ஊருக்குப் பட்டுத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது மகள் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்தபோது புரிய ஆரம்பித்தது.

நவம்பரில் ட்ரைஅவுட் (அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு) முடிந்ததும் பெற்றோர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம். கோச் ஒரு பெண்மணி, பகலில் சமூகவியல் டீச்சர். பிள்ளைகள் அவரைப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை, மிஸ் என்றும் இல்லை, வெறும் கோச். கையில் ஒரு தாள் கொடுத்தார். ஆட்டம் முடிந்து 24 மணி நேரத்துக்கு எந்தப் பெற்றோரும் அவரிடம் வந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது. அதற்கப்புறமும் பேச வேண்டியது பிள்ளைதான். ‘ஏன் என் மகளை இறக்கவில்லை’ என்று அப்பா அம்மா கேட்டால் பதில் கிடையாது. பிள்ளை வந்து கேட்டுவிட்டால், அப்புறம் வேண்டுமானால் பிள்ளையையும் வைத்துக்கொண்டு பேசலாம். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். வீட்டுக்காரர் காரில் வரும்போதே ஆரம்பித்துவிட்டார், “பதினாலு வயசுப் பிள்ளைக்கு என்ன பேசத் தெரியும்?” ஊரில் பிடி வாத்தியாரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவது அப்பாக்களின் கடமையாயிற்றே.

பத்தாம் வகுப்பில் அந்த விதிக்கு வேலை வந்தது. மகளோடு சேர்ந்து ஆடியவர்கள் இரண்டு பேர் வார்சிட்டிக்கு, அதாவது பள்ளியின் முதல் அணிக்குப் போய்விட்டார்கள், இவள் இன்னும் அதற்குக் கீழே உள்ள ஜேவி அணியில். ராத்திரி அழுகை, காலையில் சாப்பிடாமல் போவது. வீட்டுக்காரர் ஈமெயிலே எழுதி வைத்துவிட்டார். நான்தான் அனுப்ப விடவில்லை. கடைசியில் அவளே போய்க் கேட்டாள். கேட்பதற்கு முன் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

கோச் அவளை உட்கார வைத்து ஹடில் செயலியைத் திறந்திருக்கிறார். எல்லா ஆட்டமும் அதில் வீடியோவாக ஏறிவிடும். முந்தைய வார ஆட்டத்தில் அவள் போட்ட கூடைகளைக் காட்டவில்லை. அவள் கையில் பந்து இல்லாத நேரங்களை மட்டும் ஓட்டிக் காட்டினார். பாஸ் கொடுத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். தோழிக்கு ஸ்கிரீன் போட (எதிராளியை வழிமறித்து நிற்க) வேண்டிய இடத்தில் பந்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது டைம்-அவுட்டில் கோச் வரைந்து காட்டும் பலகையைப் பார்க்காமல் கேலரியில் யாரையோ தேடுகிறாள் (எங்களைத்தான்). ‘கல்லூரி அணியில் இருக்கிற எல்லோரும் அவரவர் பள்ளியில் நட்சத்திரம்தான். அங்கே போனதும் முக்கால்வாசிப் பேருக்குப் பந்தே கைக்கு வராது. பந்து இல்லாமல் ஆடத் தெரிந்தவளைத்தான் இறக்குவார்கள்.’ இதுதான் கோச் சொன்னதாக மகள் வந்து சொன்னது. எத்தனை புள்ளி எடுத்தாள் என்று மட்டுமே அதுவரை கேட்டுக்கொண்டிருந்த வீடு எங்களுடையது.

பயிற்சியைப் பார்க்கப் பெற்றோரை விடமாட்டார்கள். ஒரு சனிக்கிழமை மட்டும் அனுமதித்தார்கள். பந்து போடுவதைவிட டிஃபென்ஸுக்குத்தான் அதிக நேரம் போனது. ஷெல் டிரில் என்று ஒன்று. நான்கு பேர் வெளியே நின்று பந்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், நான்கு பேர் உள்ளே தடுப்பார்கள். பந்து கை மாறும் ஒவ்வொரு தடவையும் தடுக்கிற நான்கு பேரும் இடம் மாற வேண்டும், மாறும்போது வாய்விட்டுக் கத்த வேண்டும். ‘பால்!’, ‘ஹெல்ப்!’ என்று. யாராவது ஒருத்தி சத்தம் போடாவிட்டால் முதலிலிருந்து ஆரம்பி. வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத என் மகள் அங்கே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். டிஃபென்ஸில் வாய் திறக்காத பெண் கல்லூரியில் ஒரு வாரம் தாங்கமாட்டாள் என்பது கோச்சின் கட்சி.

அப்புறம் குதித்து இறங்குவது. முழங்காலில் உள்ள ஏசிஎல் தசைநார் கிழிவது ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு மடங்குக் கணக்கில் அதிகம். அதனால் ஒவ்வொரு நாளும் வார்ம்-அப்பில் சின்னப் பெட்டியிலிருந்து குதித்து, முழங்கால் உள்பக்கம் மடங்காமல், இடுப்பைத் தாழ்த்தி, சத்தமில்லாமல் இறங்கப் பழக்குகிறார்கள். எடை தூக்கும் பயிற்சியும் உண்டு. “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்” என்று வாட்ஸ்அப்பில் வீடியோ பார்த்த என் மாமியார் கேட்டார். முழங்கால் ஆபரேஷனுக்கு ஆகும் செலவையும், அப்புறம் பல மாதம் ஆட முடியாது என்பதையும் சொன்னதும் சரி, தூக்கட்டும் என்றுவிட்டார்.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் உள்ள வித்தியாசம் வெறும் திறமை சார்ந்தது இல்லை, விதிகளும் மாறுகின்றன. பள்ளியில் எட்டு நிமிடக் கால்பகுதிகள், கல்லூரியில் பத்து. பந்து ஒரே அளவுதான், ஆனால் மூன்று புள்ளிக் கோடு பள்ளியில் 19 அடி 9 அங்குலம், கல்லூரியில் 2021-லிருந்து 22 அடி 1¾ அங்குலம். இரண்டு அடிக்கு மேல் தள்ளிப் போகிறது. பந்து கைக்கு வந்தால் இத்தனை விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்று காட்டும் ஷாட் கிளாக் அயோவா பள்ளிகளுக்கு 2022-23 சீசனில்தான் வந்தது, 35 விநாடி. கல்லூரியில் 30. அதற்கு முன்பெல்லாம் முன்னிலையில் இருக்கும் அணி பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தலாம். அப்படிப் பழகிய பெண்கள் கல்லூரிக்குப் போய், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது எதைச் செய்வது என்று தெரியாமல் திணறியிருக்கிறார்கள். எங்கள் கோச் பயிற்சியில் கடிகாரத்தை 20 விநாடிக்கு வைப்பார். மேற்கொண்டு ஆடப் போகிறவர்களுக்காக ஜிம் தரையில் கல்லூரிக் கோட்டின் தூரத்துக்கு நீல டேப் ஒட்டியிருந்தது. ஆரம்பத்தில் அங்கிருந்து மகள் எறிந்த பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை. தோளால் எறியாதே, காலிலிருந்து எழும்பி எறி என்று கற்றுக்கொள்ள ஒரு முழு கோடைக்காலம் ஆனது.

இதற்கிடையே கிளப், அதாவது பள்ளிக்கு வெளியே கட்டணம் கட்டி ஆடும் அணி. ஏஏயூ என்பார்கள். வசந்த காலத்திலும் ஜூலையிலும் மாநிலம் மாநிலமாகப் போய் ஆடுவது. கல்லூரி கோச்சுகள் ஆள் தேடுவது பெரும்பாலும் அங்கேதான். வெஸ்ட் டெ மொய்னில் டௌலிங் கத்தோலிக்கப் பள்ளியில் படித்த கேட்லின் கிளார்க் பள்ளி அணியிலும் ஆடினார், ‘ஆல் அயோவா அட்டாக்’ கிளப்பிலும் ஆடினார். பிறகு அயோவா பல்கலைக்கழகத்தில் 3,951 புள்ளி எடுத்து கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில் ஆண்கள் பெண்கள் எல்லோருடைய புள்ளிச் சாதனையையும் தாண்டியது உலகத்துக்கே தெரியும். அதிலிருந்து இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேட்லின் கிளார்க். கிளப் கட்டணம், ஹோட்டல், பெட்ரோல் என்று போகும் பணத்தைச் சேர்த்தால் ஸ்காலர்ஷிப் தொகை அளவுக்கே வந்துவிடும். எங்கள் கிளப்பில் வாரக்கடைசிக்கு நான்கைந்து ஆட்டம், பயிற்சி சொற்பம். பிள்ளையைக் கடைபரப்ப அது சரியான இடம். ஆட்டத்தைக் கற்றுக்கொண்டதென்னவோ பள்ளி ஜிம்மில்தான், என் பார்வையில்.

நம்மவர்கள் விருந்துகளில் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. “ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?” பள்ளியில் ஆடும் பெண்களில் என்சிஏஏ கல்லூரி அணிகளுக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான். முதல் பிரிவுக்கு ஏறக்குறைய ஒருவர்தான். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும்தான் உதவித்தொகை. முதல் இரண்டு பிரிவுக்கும் பள்ளியில் பதினாறு அடிப்படைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும், மதிப்பெண்ணுக்கும் குறைந்தபட்ச வரம்பு உண்டு. ஒன்பதாம் வகுப்பிலேயே கோச் அந்தப் பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டார். ஊரில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இன்ஜினியரிங் சீட்டு, அப்புறம் ரயில்வே வேலை என்று ஒரு பாதை இருக்கிறது. சென்னையின் அனிதா பால்துரை அந்த ரயில்வே வழியில் வந்து இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021-ல் பத்மஸ்ரீயும் வாங்கினார். இங்கே விளையாட்டு வேலை வாங்கித் தராது. படிப்பும் பயிற்சியும் ஒரே நாளில் அடங்க வேண்டும், அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் வகுப்பில் மகள் வார்சிட்டியில் ஆடினாள். நட்சத்திரமாக இல்லை, எதிரணியின் நட்சத்திரத்தைக் கட்டிப்போடுகிறவளாக. அயோவாவிலேயே ஒரு சின்ன மூன்றாம் பிரிவுக் கல்லூரியின் கோச் ஆட்டம் பார்க்க வந்தார். அன்று அவள் எடுத்தது நான்கே புள்ளி. போச்சு என்று நான் நினைத்தேன். அவரோ எங்கள் கோச்சிடம் கேட்டது வேறு: ஆட்டத்திலிருந்து வெளியே எடுத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாளா, டீச்சர்கள் இவளைப் பற்றி என்ன சொல்கிறார்கள், கோடையில் சொல்லாமலே ஜிம்முக்கு வருவாளா. புள்ளியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லையாம்.

இந்த ஆகஸ்டில் அங்கே சேர்கிறாள், படிப்பு உதவித்தொகையோடு. உயிரியல் எடுக்கிறாள். கோடைப் பயிற்சித் திட்டம் மே மாதமே வந்துவிட்டது. வாரத்துக்கு இத்தனை ஓட்டம், இத்தனை எடை, புதுக் கோட்டிலிருந்து இத்தனை ஷாட் என்று. முதல் வருடம் பெரும்பாலும் ஜேவி அணியில்தான் ஆட வேண்டியிருக்கும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். மகள் சரி என்று தலையாட்டிவிட்டாள். அவள் அப்பாதான், கல்லூரியிலும் அந்த 24 மணி நேர விதி உண்டா என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.